பாட்டி வீட்டுக் கிணற்று உப்பு

வாணியம்பாடி பக்கத்தில் எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றில் இப்போதும் தண்ணீர் கிடக்கிறது. எட்டிப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் வாயில் வைக்க முடியாது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கேன் தண்ணீர் வாங்கித்தான் உலை வைக்கிறார்கள்.

தோல் பதனிடும் டேனரிகளால் பாலாறு கெட்டுப்போனது என்றதும் எல்லோரும், தோலைப் பதனிடப் போடும் குரோமியத்தைப் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும், குரோமிய ரசாயனம் செய்த குரோமேட் ஆலையில் மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்திருக்கிறது. ஆனால் எங்கள் கிணறுகளைக் கெடுத்ததில் பெரும் பங்கு சாதாரண உப்புக்கு.

உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். அதனால் கிலோ கணக்கில் உப்பைத் தடவி, அடுக்கி, லாரியில் டேனரிக்கு அனுப்புவார்கள். அங்கே முதல் வேலையே தோலை ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவுவது. அப்புறம் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடியை எடுப்பார்கள். பிறகு அமிலத்தோடு மறுபடியும் உப்பு. அதற்குப் பின்தான் குரோமியம். குரோமியத்தைக் கழிவுநீரிலிருந்து பிரித்துத் திரும்பப் பயன்படுத்த வழி இருக்கிறது. கொழுப்பையும் சதைத் துணுக்கையும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். கரைந்த உப்பைத் தின்ன எதுவும் இல்லை. சாதாரண சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போன உப்பு அப்படியே வெளியே வரும். ஆர்.ஓ. வைத்துப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சினாலும் கழிவு கலந்த உப்பு மூட்டை மூட்டையாகச் சேரும். அதை வாங்க ஆளில்லை.

குரோமியம் வருவதற்கு முன் ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிட்ட காலம் சுத்தமானது என்றும் சொல்ல மாட்டேன். அப்போதும் உப்பும் சுண்ணாம்பும் உண்டு, அளவுதான் குறைவு.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்கிறது. சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. அதன் பிறகும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறை விவசாயத்தை விட்டே போய்விட்டது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

டேனரிகளை மூடச் சொல்லவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு விடியற்காலையில் வேன் ஏறும் பெண்களில் என் சித்தி மகளும் ஒருத்தி. இந்தத் தொழிலின் அழுக்கு முதலில் விழுவதும் தொழிலாளிகள் மேல்தான். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, இரவு தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்துப்போனார்கள்.

ஊறப்போடும் முன் உப்பைத் தட்டி உதிர்க்க இயந்திரம் இருக்கிறது. அதைக் கட்டாயமாக்குங்கள். மிஞ்சும் உப்பை அப்புறப்படுத்த ஆகும் செலவு செருப்பின் விலையில் ஏறட்டும், வெளிநாட்டு பிராண்டுகள் அதைக் கொடுக்கட்டும். இப்போது அந்தச் செலவைக் கேன் தண்ணீர் வாங்கும் குடும்பங்கள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்றும் கேட்கிறேன். பாலாற்றங்கரை ஊர்களின் கிணறுகளில் மாதாமாதம் உப்பை அளந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள். எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றிலிருந்தே தொடங்கலாம். கயிறும் வாளியும் நான் தருகிறேன்.