'யாரும் வருவதில்லை' என்ற ஐயாவுக்கு

நேற்று ஐயா மேடையில் பேசியது இந்நேரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். "சொந்தத் தொழிலுக்கு அரசு மானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் யாரும் வருவதில்லை, ஓசூர் கம்பெனி வேலை கிடைத்தால் போதும் என்கிறார்கள்." கைதட்டல் வேறு. நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் வந்தேன் ஐயா. ஏழு மாதம் வந்தேன்.

மானியம் அறிவிப்பது அரசு, கடன் கொடுப்பது வங்கி. வங்கி சரி என்று சொல்லாமல் மானியத்தில் ஒரு ரூபாய் நகராது. நகர்ந்தாலும் நம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே கிடந்து, அப்புறம்தான் கடனில் கழியும். இதை எந்த மேடையிலாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 35 சதவீதம், 35 சதவீதம் என்பதோடு மைக்கை வைத்துவிடுகிறார்கள்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் நிப்பட் போடுகிறவள். (சேலத்துக்காரர்கள் தட்டை என்பார்கள், சண்டை வேண்டாம்.) மாமியார் காலத்துத் தொழில். நானும் இரண்டு அக்காக்களும் கையால் பிசைந்து, கையால் தட்டி, மெழுகுவர்த்தியில் கவரை ஒட்டுகிறோம். மாவு பிசையும் மெஷினுக்கும் பேக்கிங் மெஷினுக்கும் கொட்டேஷன் 6 லட்சம்.

முதலில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்குப் போனேன். அது புதுத் தொழிலுக்கு மட்டும்தான், உங்களுக்கு ஏற்கெனவே உத்யம் பதிவு (சிறு தொழில் பதிவு) இருக்கிறதே என்றார்கள். சரி, விதி அது. பக்கத்தில் பாக்குமட்டைத் தட்டு போடப்போகிறேன் என்று வந்த தம்பியிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா? "முன் அனுபவம் இருக்கா?"

அப்புறம் 2020ல் வந்த உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான திட்டம். ஓடுகிற தொழிலுக்கும் உண்டு என்றார்கள், 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம். விண்ணப்பம் தேறி வங்கிக்குப் போனது. எந்த வங்கி என்று கேட்காதீர்கள், நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். "வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்கம்மா." சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். சிரித்தார். "ரூல் சரிதாம்மா, பத்திரம் இருந்தா சீக்கிரம் முடியும்." இல்லாவிட்டால்? சிபில், அதாவது நம் பழைய கடன்களின் ஜாதகம். 2020 ஊரடங்கில் குழுக் கடனில் மூன்று தவணை தள்ளிப்போனது அங்கே பத்திரமாக இருந்தது. மொத்தமும் கட்டி முடித்ததற்கு மட்டும் மரியாதை இல்லை.

கடைசியில் நகையை வைத்தேன். இருபது நிமிடம். திட்ட அறிக்கை, கொட்டேஷன், முன் அனுபவம் எதுவும் கேட்கவில்லை. தராசு ஒன்று போதுமாயிற்று. பிசையும் மெஷின் மட்டும் வந்தது. பேக்கிங்குக்கு இன்னும் மெழுகுவர்த்திதான்.

உடனே கமென்டில் வருவீர்கள்: "வங்கிப் பணம் மக்கள் பணம், வாங்கிவிட்டு ஓடுகிறவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். அதற்காகத்தானே 2000ஆம் ஆண்டிலிருந்து கடன் உத்தரவாத நிதியம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்? நான் கட்டாவிட்டால் பெரும்பகுதியை அது வங்கிக்குக் கொடுக்கும். பிறகும் என் மாமியார் வீட்டுப் பத்திரம் எதற்கு? "என் மச்சானுக்குக் கிடைத்ததே" என்பவர்களுக்கு: சந்தோஷம். உங்கள் மச்சானுக்குப் பத்திரம் இருந்திருக்கும். "மத்திய அரசைத் திட்டுகிறாயா, மாநில அரசையா?" என்று கட்சிக்கொடியோடு வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிவுக்குப் போங்கள். எந்த அரசின் திட்டமானாலும் கடைசியில் அதே வங்கி, அதே நாற்காலி.

சிறு தொழிலுக்கான முத்ரா கடன் வாங்கலாமே என்று ஒருவர் நேற்றே எழுதினார். அண்ணே, அதையும் அதே மேசையில்தான் கேட்க வேண்டும்.

எனக்கு வலித்தது மறுப்பு இல்லை. கடன் தர முடியாது என்று முதல் மாதமே சொல்லியிருந்தால் வேறு வேலை பார்த்திருப்பேன். ஏழு மாதம் அலைய விட்டுவிட்டு, என்னை எதிரில் உட்காரவைத்தே 'வரவில்லை' என்றால் எப்படி? ஒவ்வொரு முறை போகும்போதும் அன்றைய மாவு வேலை அக்காக்கள் தலையில் விழுந்தது. பஸ் கட்டணம், ஜெராக்ஸ் கணக்கெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் ஐயாவுக்குத் தெரிந்திருக்காது. நேற்று மேடையில் டீயோடு தட்டில் வைத்த நிப்பட் என்னுடையது. இரண்டு கிலோ. பேசிக்கொண்டே நான்கைந்து எடுத்துச் சாப்பிட்டார், நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு இன்னும் காசு வரவில்லை.