விதைக்காமல் முளைப்பதையும் எழுதுங்கள்

உழவர்கள் நாட்டு விதையைக் கைவிட்டதால்தான் பயிர் வகைகள் குறைந்தன என்கிறது உங்கள் கட்டுரை. சரி, ஆனால் வயலில் விதைக்காமலே வளர்பவை பற்றி ஒரு வரிகூட இல்லையே!

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டைப் பக்கம், பல வருடமாக பெங்களூரில் இருக்கிறேன். எங்கள் கேழ்வரகுக் கொல்லையில் சில சாலுக்கு ஒரு சால் அவரை, துவரை, கடுகு போடுவார்கள், கன்னடத்தில் அக்கடி சாலு என்பது இதைத்தான். மழை பொய்த்துக் கேழ்வரகு போனாலும் ஆழமாக வேர்விடும் துவரை கொஞ்சமாவது கைகொடுக்கும். அப்புறம் களையெடுக்கும்போது அம்மா தானாக முளைத்த பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் மட்டும் தனியாக மடியில் கட்டிக்கொண்டு வருவார், எதைப் பிடுங்குவது எதை விதை விழும்வரை விடுவது என்பதெல்லாம் களையெடுக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். இப்படி வயலில் பறித்த கலவைக் கீரை பெங்களூர் சந்தைகளில் பெரகெ சொப்பு என்ற பெயரில் இன்றும் வருகிறது, மழைக்காலத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

இதை அழிப்பது களைக்கொல்லி. 2,4-டி மாதிரி மருந்து புல் இனமான கேழ்வரகை விட்டுவிட்டு அகன்ற இலை உள்ள கீரையையும், ஊடே நிற்கும் அவரை, துவரையையும் சேர்த்தே கருக்கிவிடும், அதனால் மருந்தடிக்கிற கொல்லையில் அக்கடி போடவே முடியாது. களையெடுக்கக் கூலிக்கு ஆள் கிடைக்காமல்தான் மருந்துக்குப் போகிறார்கள், உழவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

அடுத்த கட்டுரைக்கு முன் களையெடுக்கும் பெண்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள்.