ஓடத் தெரிந்தவர்களுக்கு வாதாடவும் சொல்லிக்கொடுங்கள்

தடகளத்தில் நடுவருக்கு வேலையே இல்லை, கடிகாரமும் அளவு நாடாவும் சொல்வதுதான் தீர்ப்பு என்று நம் நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். கொரோனாவால் தள்ளிப்போய் 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பார்த்த பிறகுமா?

பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்ட இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே சீனாவின் வூ யான்னி கிளம்பிவிட்டார். அவர் அசைந்ததைப் பார்த்துப் பக்கத்துப் பாதையில் இருந்த நம் ஜோதி யர்ராஜியும் கிளம்பினார். நடுவர்கள் ஜோதியையும் சேர்த்து வெளியே போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. நின்று பேசினார், வீடியோவைப் பாருங்கள் என்றார். கடைசியில் முடிவை நிலுவையில் வைத்து இருவரையும் ஓடவிட்டார்கள். ஜோதி மூன்றாவதாக வந்தார், 12.91 விநாடி. பிறகு, இரண்டாவதாக வந்த வூ தகுதிநீக்கம் செய்யப்பட, ஜோதிக்கு வெள்ளி. அந்தச் சில நிமிடங்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருந்தால் பதக்கமே இல்லை.

'முறையீட்டின் பேரில் ஓடுவது' என்பது நடுவர் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை அல்ல. விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் வீரர் அந்த இடத்திலேயே, உடனே, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஈட்டி எறிதலில் நடந்தது இன்னும் கூத்து. நீரஜ் சோப்ராவின் முதல் எறி நல்ல தூரம் போனது. அதை அளக்கவில்லை! அடுத்தவரும் எறிந்துவிட, நீரஜின் ஈட்டி இறங்கிய இடம் எது என்றே தெரியாமல் போய், மறுபடி எறியச் சொன்னார்கள். இன்னொரு இந்தியரான கிஷோர் ஜெனாவின் இரண்டாவது எறிக்கு ஃபவுல், அதாவது செல்லாது என்று சிவப்புக் கொடி. ஆட்சேபித்த பிறகு கொடி வெள்ளையானது. நீரஜ் 88.88 மீட்டரில் தங்கமும் ஜெனா 87.54 மீட்டரில் வெள்ளியும் வாங்கியது இவற்றையெல்லாம் தாண்டித்தான். (ஜெனாவின் பதக்கம் பிந்தைய எறியில் வந்தது என்பது உண்மை. ஆனாலும் ஒரு ஃபவுலைச் சுமந்துகொண்டு அடுத்த எறிக்குப் போவது வேறு மாதிரி.)

இதையெல்லாம் 'சீனாக்காரன் சதி' என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சதி என்றால் சொந்த மண்ணில் சொந்த வீராங்கனையின் பதக்கத்தை யாராவது பறிப்பார்களா? எனக்குத் தெரிந்தது குழப்பம், தடுமாற்றம், அவ்வளவுதான்.

ஒருமுறை முந்திக் கிளம்பினாலே வெளியே என்ற 2010 விதி கொடுமை என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த விதி பிடிக்கும். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷாவின் 400 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் வேறொருவர் முந்திக் கிளம்ப, பந்தயம் மறுபடி தொடங்கியது. உஷா 55.42 விநாடி, வெண்கலம் வாங்கியவர் 55.41. ஒருவர் அவசரப்பட்டால் மற்றவர்களின் கட்டுப்பாடும் குலைகிறது. விதி கறாராக இருக்கட்டும். ஆனால் கறாரான விதியைத் தவறான ஆள்மீது போட்டால் எதிர்த்துக் கேட்கத் தெரிய வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு அதுதான் வராது. கொடி பிடித்தவர் சொன்னதே வேதம் என்றுதான் மைதானத்தில் வளர்க்கிறோம். 'சரி சார்' என்று சொல்பவன் நல்ல பையன், கேள்வி கேட்பவன் திமிர் பிடித்தவன். அந்தப் பணிவோடு சர்வதேசப் போட்டிக்குப் போய், மொழியும் தெரியாமல் நின்றால் என்ன ஆகும்?

முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் முறையிடலாம், அப்புறம் மேல்முறையீட்டுக் குழுவுக்கும் போகலாம், ஃபவுல் என்று சொன்ன எறியைக்கூட உடனே ஆட்சேபித்தால் அளந்து வைக்கச் சொல்ல ரெஃபரிக்கு அதிகாரம் உண்டு. மாநில அளவில் ஓடுகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? பயிற்சி முகாமில் ஒரு மதியம் ஒதுக்கினால் போதும். தமிழில் பத்துப் பக்கத்துக்கு ஒரு கையேடு போட்டு, ஸ்பைக் ஷூவோடு சேர்த்துக் கொடுங்கள்.