வளவுக்கும் ஒரு முகத்துவாரம் வேண்டும்

முகநூலில் சுற்றிய அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மழைத் தண்ணீர் தேங்கிய அந்த வளவுக்கு வரைபடம் கீறிக் கொடுத்தது நான். வாசற்படி வரை தண்ணீர், அதன் மேல் மிதக்கும் ஒற்றைச் சிவப்புச் செருப்பு, கீழே "இதுக்குத்தானா படம் கீறிக் காசு வாங்கின?" என்று ஒரு வரி. எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. என்னோடு மொறட்டுவையில் படித்த ஒருவரும், மாமி முறையான ஒருவரும், போன வருடம் என் வீட்டு விறாந்தையில் இரண்டு மணித்தியாலம் இருந்து தேநீரோடு இலவச ஆலோசனையும் பெற்றுக்கொண்டு போன ஒருவரும் சிரிப்புக் குறி போட்டிருந்ததை மட்டும் கவனித்தேன். பெயரைப் போடவில்லையே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். மட்டக்களப்பில் வீட்டு வளவுக்குப் படம் கீறிக் காசு வாங்கும் பெண் என்று சொன்ன பிறகு பெயர் எதற்கு?

வாடிக்கையாளரின் வீட்டு விடயத்தை வெளியில் பேசுவது என் வழக்கமல்ல. ஆனால் வெளியில் முதலில் பேசியவர் நான் இல்லை என்பதால், அந்த வளவு யாருடையது, எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன். அது 15 பேர்ச் காணி. மேற்குப் பக்கம், வாவியை நோக்கி, ஏறத்தாழ ஒரு அடி தாழ்ந்தது. என் வரைபடத்தில் அந்தத் தாழ்ந்த பக்கம் நெடுக நாலடி அகலத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளம் இருந்தது. அதில் புல்லும் வல்லாரையும், அது நிரம்பினால் வீதி வடிகானுக்குப் போக ஒரு வழியும் இருந்தன. நடைபாதைக்கு மணற்படுக்கையின் மேல் கல் போடச் சொல்லியிருந்தேன். கார் நிற்கும் இடத்தைத் தவிர மற்றதெல்லாம் மண்ணாகவே இருக்கட்டும் என்று எழுதியிருந்தேன். கட்டப்பட்டது என்ன? மதிலோடு மதில் முட்ட இன்டர்லொக் கல். கல் அசையக் கூடாது என்று அதற்குக் கீழே கொங்கிறீற். பள்ளம் பார்வைக்கு வடிவில்லை என்று கிறவல் கொட்டி நிரப்பி, அதன் மேல் இரண்டாவது காருக்கு இடம். இரண்டாவது கார் இன்னும் வாங்கப்படவில்லை; அந்த இடத்தில் இப்போதைக்குத் தண்ணீர்தான் நிற்கிறது.

எனவே அந்தப் படத்தில் உள்ளது என் வரைபடம் அல்ல. என் வரைபடத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்த பிறகு நடந்தது.

ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 15 பேர்ச் என்றால் ஏறத்தாழ 380 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். மாரியில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது எங்கள் கரையில் அதிசயமில்லை. அப்படியானால் அந்த ஒரு வளவுக்குள் ஒரே நாளில் விழுவது 38,000 லீற்றர். கூரைக்கு மேல் வைக்கிறோமே 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கி, அதில் முப்பத்தெட்டு. இந்த முப்பத்தெட்டுத் தாங்கித் தண்ணீரையும் எந்த வழியால், எந்த வேகத்தில், யாருடைய படலையையும் உடைக்காமல் வெளியே அனுப்புவது என்பதற்குத்தான் நான் காசு வாங்குகிறேன். பூக்கன்றுக்கு இல்லை. பூக்கன்று கடையில் கிடைக்கும். கடைக்காரர் படமும் சும்மா கீறித் தருவார், கன்று விலையில் அது சேர்ந்திருக்கும்.

வாவி நிரம்பி ஊருக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால் நாம் எல்லோரும் கேட்கிற முதற் கேள்வி "முகத்துவாரம் வெட்டியாச்சா?" என்பதுதான். வாவி கடலோடு சேரும் பாலமீன்மடுவில் வாயை அடைத்து நிற்கும் மணற்திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போகும் என்பது எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். எப்போது வெட்டுவது என்று வயற்காரர் ஒரு பக்கமும் மீன்பிடிகாரர் ஒரு பக்கமும் நின்று வாதாடுவதும் தெரியும். இத்தனை தெரிந்த நாம் சொந்த வளவுக்கு முகத்துவாரம் எங்கே என்று கேட்கிற ஒருத்தியைப் பார்த்து, "புள்ள, ரெண்டு பூமரம் வைக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு கடதாசி?" என்கிறோம்.

என் வேலையில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொன்னால் அந்தக் கடதாசி எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். முதற் தடவை போகும்போது நான் கொண்டு போவது கன்றும் இல்லை, கணினியும் இல்லை. மட்டம் பார்க்க மேசன்மார் வைத்திருக்கும், உள்ளே தண்ணீர் தெரியும் அதே பிளாஸ்டிக் குழாய். முப்பது அடிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றி, ஒரு முனையைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கிணற்றடிக்கும் மதிலடிக்கும் மலசலகூடக் குழியடிக்கும் இழுத்துக்கொண்டு போவேன். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நிலம் எவ்வளவு தாழ்கிறது என்பதை அடிமட்டம் சொல்லும். ஒரு வளவுக்கு நாற்பது ஐம்பது இடங்களில் இப்படி எடுக்க வேண்டும். பிறகு கிணற்றை எட்டிப் பார்ப்பேன். மணற்பாங்கான எங்கள் கரையில் மழை நீர் உடனே உறிஞ்சும் என்பது பாதி உண்மைதான். மார்கழியில் கிணற்று நீர் கை எட்டும் உயரத்துக்கு ஏறி நிற்கும்போது நிலத்தடியிலும் இடமில்லை. அந்த நேரத்தில் ஆழமாகத் தோண்டிய குழி மழை வருமுன்பே நிரம்பியிருக்கும். அதனால்தான் ஆழமில்லாத, அகலமான பள்ளம். அதைத்தான் "வடிவில்லை" என்று நிரப்பினார்கள்.

இனி நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். எங்கள் முன்னோர் படம் கீறியா வளவு வைத்தார்கள்?

என் அம்மம்மாவின் வளவு ஆரையம்பதியில் இருந்தது. முற்றம் முழுக்க வெள்ளை மணல். விடிய முன் எழும்பி ஈர்க்குமாற்றால் கூட்டுவா, எப்போதும் வீட்டிலிருந்து வேலியை நோக்கி. மறுபக்கமாக நான் ஒரு நாள் கூட்டியதற்குத் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். தைப்பொங்கலுக்கு முன் ஒரு மாட்டுவண்டி மணல் வரும், அதை வீட்டடியில் மட்டும் கொட்டிப் பரப்பச் சொல்வா. வீட்டடி உயரம், வேலியடி பள்ளம். கிணற்றடித் தண்ணீர் சின்ன வாய்க்காலால் வாழைக்கும் அதன் பின் மஞ்சளுக்கும் போகும். வேலி கதியால் வேலி. பூவரசு, இடையிடையே கிளிசரியா, அதற்குள்ளால் தண்ணீர் தன்பாட்டில் கடந்து போகும். 1978 நவம்பர் 23 சூறாவளி இரவைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததைச் சொல்லிவிட்டு, "மரம் எவ்வளவு வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி வைக்கோணும்" என்று முடிப்பா. அது வரைபடம் இல்லாமல் வேறென்ன? தாளில் இல்லை, அவ்வளவுதான்.

முன்னோர் படம் கீறவில்லை, உண்மைதான். மதிலும் கட்டவில்லை. முற்றத்துக்குக் கொங்கிறீற்றும் ஊற்றவில்லை. ஒரு வளவைப் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகத் துண்டு துண்டாகப் பிரித்து, பத்துப் பேர்ச்சில் ஒரு மாடி வீடும் அதைச் சுற்றி நாலு பக்கமும் ஆறடி மதிலும் எழுப்பியது நமது தலைமுறை. மதில் எழும்பிய அன்றே அந்த வளவு தொட்டியாகிவிட்டது. தொட்டிக்கு ஓட்டை எங்கே என்று கேட்டால் முன்னோரை இழுக்கிறோம். அம்மம்மா இருந்திருந்தால் என்னைத் திட்டியிருக்க மாட்டா, மேசனைத் திட்டியிருப்பா.

அடுத்தது, "வெளிநாட்டுக் காசு என்றதும் பிடுங்குகிறாள்" என்ற கருத்து. நாலு இலட்சத்துக்குக் கேற் போடுகிறவர்களிடம் கேற் செய்தவர் பிடுங்கினார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இதற்கு மேல் இதற்குப் பதில் இல்லை.

ஆனால் வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் பற்றி ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவர்களுக்கு விடுமுறை ஆடியில். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வரும்போது வளவு பச்சையாக இருக்க வேண்டும் என்று வைகாசியில் அழைப்பு வரும், கூடவே வட்ஸ்அப்பில் இருபது படம்; எல்லாம் குளிர் நாட்டுப் புல்வெளி. எங்கள் கரையில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்த்துவிடும். வைகாசி, ஆனி, ஆடி என்றால் கச்சான் காற்று. ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கும். அந்தக் காற்றில் மலேசியன் புல்லைப் பதித்தால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றப் போவது சுவிஸில் இருக்கிற மகன் இல்லை, முழங்கால் வருத்தத்தோடு இங்கே இருக்கிற அப்பா. வாவிக்கரைக் கிணறு என்றால் ஆடியில் தண்ணீரும் உவர்ப்பாகத் தொடங்கும். புரட்டாதிக் கடைசியில் நடுங்கள், மழையே வளர்த்துத் தரும் என்று நான் சொன்னால், எனக்கு வேலை செய்ய விருப்பமில்லை என்று அர்த்தப்படுகிறது. இதில் ஒருவர் லுனுகங்கா தோட்டத்தின் படத்தை அனுப்பி ஆறு கிழமைக்குள் இப்படி வேண்டும் என்றார். பெந்தோட்டையில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா அந்தக் காணியை வாங்கியது 1948இல். 2003இல் இறக்கும்வரை அது அவருடைய தோட்டம். நான் ஆறு கிழமை கேட்டவருக்கு இதைச் சொல்லவில்லை, "பார்க்கிறேன் அண்ணா" என்றுதான் எழுதினேன். அன்று எனக்கு வேலை தேவைப்பட்டது.

நீ பிழையே விடவில்லையா என்று கேட்பீர்கள். விட்டிருக்கிறேன். நாவலடியில் கடலைப் பார்த்த ஒரு வளவில் கிழக்குப் பக்கம் ஒட்டு மா வரிசையாக வைத்தேன்; வாடைக்காற்றோடு வந்த உப்பு இரண்டாவது மாசிக்குள் இலைகளைக் கருக்கிவிட்டது. முதலில் பூவரசும் தாழையும் வைத்துக் காற்றை மறி என்று அந்த வீட்டுப் பெரியவர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. கன்றுகளின் விலையைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் அதை எங்கும் பதிவிடவில்லை.

கட்டாக்காலி மாடு தின்ற செம்பருத்திக்கும் நான்தான் பொறுப்பு என்று ஒருவர் மீதிக் காசைத் தராமல் விட்டதையும், கேற்றைப் பூட்டச் சொல்லி வரைபடத்தின் எந்த மூலையில் எழுதியிருக்க வேண்டும் என்று நான் இன்றுவரை யோசிப்பதையும் இங்கே சொல்லாமல் விடலாம். சொல்லிவிட்டேன்.

உண்மையில் தண்ணீரோ காசோ அல்ல, அந்தப் பதிவில் என்னைச் சுட்டது "படம் கீறி" என்ற சொல். நான்கு வருடங்கள் படித்தேன். தமிழில் இந்தத் தொழிலுக்கு நிலத்தோற்றக் கட்டடக்கலை என்று எழுதுகிறார்கள்; ஊரில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. கலியாணம் பேச வந்த ஒரு தரகர், "பிள்ளை பூமரம் வைக்கிற வேலை" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறார், அவர்கள் நேசரிக் கடை எவ்வளவு வருமானம் தரும் என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா சிரித்தா. நானும் சிரித்தேன். வேலைத் தளத்திலும் இதேதான்: நான் குழாயைப் பிடித்து மட்டம் எடுத்து, பள்ளம் இங்கே வர வேண்டும் என்று சொன்னால், வீட்டுக்காரர் மேசனின் முகத்தைப் பார்ப்பார். மேசன் தலையாட்டினால் சரி. அவர் தலையாட்டாததால் நிரப்பப்பட்ட பள்ளம்தான் நீங்கள் சிரிப்புக் குறி போட்டது.

இன்னொன்று. அந்த வளவின் தண்ணீர் இரண்டாம் நாள் எங்கே போனது என்று யாராவது கேட்டீர்களா? பின் மதிலின் அடியால் கசிந்து, அதற்கு அப்பால் தகரம் வேய்ந்த ஒரு வீட்டுக்குள் போனது. அங்கே நிலத்துக்குக் கிறவல் போட்டு உயர்த்தக் காசில்லை. முன் காணிக்காரர் இரண்டு அடி உயர்த்துவார், பக்கத்துக் காணிக்காரர் இரண்டரை அடி உயர்த்துவார், கடைசியில் உயர்த்த முடியாதவரின் அடுப்பங்கரையில் எல்லோருடைய மழையும் சேரும். ஏழைக்கு எதற்கு லான்ட்ஸ்கேப் என்று என்னிடம் கேட்டவர்களுக்கு அந்த அடுப்பங்கரையைக் காட்ட வேண்டும். அந்த வீட்டு அம்மாவிடம் முகநூல் இல்லை. அதனால் அவருடைய செருப்பு மிதந்த படம் யாருக்கும் வரவில்லை.

நேற்றிரவு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. பதிவு போட்டவருடைய தாயார். "புள்ள, அவன் போட்டதப் பெரிசா எடுக்காதகா, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவன்" என்றா. கல்லைக் கிளப்ப வேண்டி வரும், கொங்கிறீற்றையும் மேற்குப் பக்கம் நாலடிக்கு வெட்ட வேண்டி வரும் என்று சொன்னேன். "வெட்டு" என்றா. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழாயோடு போகிறேன். வருகைக் கட்டணம் வழமையானதுதான், இந்த முறை முற்கூட்டியே.