பத்து முறை மினுக்கத் தெரிந்த கதவுக்கு ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை

மூன்று வாரங்களாக எனக்கும் என் வீட்டுக் கேரேஜ் கதவுக்கும் நடந்த மல்லுக்கட்டை எழுதித் தீர்த்தால்தான் இன்று எனக்குத் தூக்கம் வரும். மாலையில் வேலை முடிந்து வந்து, காரை உள்ளே நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால், கதவு ஒரு முழம் இறங்கும், எதையோ மறந்துவிட்டாற்போல் நிற்கும், பிறகு உறுமிக்கொண்டே மேலே ஏறிவிடும். கூரையில் தொங்கும் மோட்டார்ப் பெட்டியின் விளக்கு பத்து முறை மினுக்கும். மறுநாள் காலையிலோ, நேற்று ஒன்றுமே நடக்காதது போல, அதே கதவு சாதுவாக இறங்கி மூடிக்கொள்ளும்.

பத்து மினுக்கலுக்குப் பொருள் தேடிக் கையேட்டைப் புரட்டினால், 'கதவின் வழியில் உள்ள தடையை அகற்றவும்' என்று ஒற்றை வரி இருந்தது. எந்தத் தடை ஐயா? வாசலில் ஒரு காய்ந்த இலைகூட இல்லை. கதவின் இருபுறமும், தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில், இரண்டு சென்சார் கண்கள் இருக்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்ப, மற்றொன்று அதை வாங்குகிறது. நடுவில் குழந்தையோ நாயோ குறுக்கிட்டுக் கதிர் அறுபட்டால் கதவு முழுதாக இறங்கி மூடாது. அமெரிக்காவில் 1993 முதல், வீடுகளுக்கென்று தயாராகும் கதவு மோட்டார்களில், கதவுக்கடியில் யாரும் சிக்கிக்கொள்வதைத் தடுக்கும் கூடுதல் ஏற்பாடு இருந்தே தீர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் மீது எனக்கு எள்ளளவும் கோபமில்லை. என் கோபமெல்லாம் அந்த ஒற்றை வரியின் மீதுதான்.

கண்களைத் துணியால் துடைத்தேன். சிலந்தி வலையை அகற்றினேன். ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு நூல் பிடித்து, இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி திருகுகளைத் தளர்த்தி முடுக்கினேன். ரிமோட்டின் பேட்டரியை மாற்றினேன். சில எல்இடி பல்புகள் ரிமோட்டின் அலையைக் குழப்பும் என்று கேள்விப்பட்டு, பெட்டியிலிருந்த பல்பையும் கழற்றிவிட்டு இருட்டில் நின்றேன் (கதவு இறங்கத் தொடங்கிய பிறகுதானே திரும்புகிறது, அப்புறம் ரிமோட் என்ன பாவம் செய்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை). சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரின் பிடியை விடுவித்து, கதவைக் கையால் இடுப்பளவு தூக்கிவிட்டுப் பார்த்தேன். விட்ட இடத்திலேயே அசையாமல் நின்றது. கதவின் பாரத்தைச் சுமப்பது மோட்டார் அல்ல, மேலே முறுக்கேறி நிற்கும் ஸ்பிரிங்குதான் என்பதால், அதுவும் நலமே என்று தெரிந்தது. கடைசியில் காசைக் கொட்டிப் புதிய கண் ஜோடி ஒன்றை வாங்கி மாட்டினேன். அன்று மாலையும் அதே ஒரு முழம், அதே பத்து மினுக்கல்.

பழுது பார்ப்பவர் வந்ததோ காலை பதினொரு மணிக்கு. அவர் எதிரில் கதவு பன்னிரண்டு முறை ஏறி இறங்கி நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டது. மாலையில்தான் தகராறு என்று நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், "மோட்டாருக்கு வயதாகிவிட்டது, மொத்தமாக மாற்றிவிடுங்கள்" என்றார். எட்டு ஆண்டு உழைத்த மோட்டாருக்கு மாலையில் மட்டும் எப்படி ஐயா வயதாகும்?

சுவரிலுள்ள பொத்தானைக் கதவு தரையைத் தொடும் வரை விடாமல் அழுத்திப் பிடித்தால், கண்களின் பேச்சைக் கேட்காமல் கதவு இறங்கிவிடும். அந்த வழியில்தான், கதவை விட்டுப் பார்வையை எடுக்காமல், கட்டைவிரல் வலிக்க வலிக்க ஒவ்வொரு மாலையும் காவலாளி போல நின்றேன்.

நேற்று மாலை ஐந்தரை மணிக்குத் தரையில் மண்டியிட்டு, வாங்கும் கண்ணையே முறைத்துக்கொண்டிருந்தேன். என் வாசல் மேற்குப் பார்த்தது. சாய்ந்த வெயில் திறந்த கதவு வழியாக நுழைந்து, நேராக அந்தச் சின்னக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. கூசுகிறதே என்று தற்செயலாக உள்ளங்கையைக் குறுக்கே பிடித்தேன். அந்தக் கண்ணில் அணைந்திருந்த பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. கையை எடுத்தேன், அணைந்தது. மீண்டும் பிடித்தேன், எரிந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. அந்த வெள்ளத்தில் எதிர்க்கண் அனுப்பும் மெல்லிய கதிரை இதனால் பிரித்தறிய முடியவில்லை. தடை என்று அது பத்து முறை மினுக்கிச் சொன்னது, வாசலில் விழுந்த வெயிலைத்தான்!

எச்சரிக்கைகளுக்கென்றே பக்கம் பக்கமாக ஒதுக்கிய கையேட்டில், 'கண்ணின் மீது நேர் வெயில் விழுந்தாலும் இப்படி ஆகும்' என்ற ஒரு வரிக்கு இடமில்லாமல் போனதா? இதைத் தயாரித்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அட்டைக் குழாய் ஒன்றை விரல் நீளத்துக்கு வெட்டி, அந்தக் கண்ணுக்கு முகப்பாக ஒட்டினேன். இன்று மாலை கதவு ஒரே மூச்சில் இறங்கியது. ஒரு குறையும் இல்லாத பழைய கண் ஜோடி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பிரித்து மாட்டிய பொருளைத் திரும்ப வாங்கமாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.