பயிற்சி முடிந்த பிறகு யார் துணை?

திண்டுக்கல் பக்கத்துக் கிராமப் பெண்களுக்கு இலவசத் தையல் பயிற்சி கிடைப்பதைப் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்திதான். ஆனால் பயிற்சி முடித்த பெண் எந்த ஆலைக்குப் போகிறாள், அங்கே அவளுக்கு யார் துணை என்பதைக் கட்டுரை தொடவே இல்லையே!

பயிற்சி என்ற பெயரிலேயே இங்கே எத்தனை பெண்களின் உழைப்பு சுரண்டப்பட்டது! சுமங்கலித் திட்டம் என்று சொல்லி, மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசைகாட்டி, விடுதியில் அடைத்துவைத்து, நூற்பாலைகளில் அற்பக் கூலிக்கு வேலை வாங்கினார்கள். உடம்பு முடியாமல் பாதியில் ஊர் திரும்பிய பலருக்கு அந்தப் பணமும் கிடைக்கவில்லை.

ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் 2021இல் கொல்லப்பட்ட துயரத்துக்குப் பிறகு, வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம், ஆலை நிர்வாகம், ஹெச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் எல்லாம் அதில் சேர்ந்தன. தையல் வரிசையில் உட்காரும் பெண்களிலிருந்தே தொல்லை நடக்கிறதா என்று கவனிப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, சங்கமே பயிற்சி கொடுத்தது. சூப்பர்வைசர் தகாத வார்த்தை பேசினால் பக்கத்து மெஷினில் இருக்கும், அப்படிப் பயிற்சி பெற்றவளிடமே சொல்ல முடிந்தது. அவள் பயமின்றிப் புகாரை மேலே கொண்டுபோக வழி இருந்தது. நான் பெருமைப்படும் பயிற்சி இதுதான்.

துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டக் கற்றுத்தரும் மையங்கள் சம்பளச் சீட்டைப் படிக்கவும், பி.எஃப். பிடித்தம் கணக்கில் ஏறியதா என்று பார்க்கவும், புகார் எழுதவும் சேர்த்தே கற்றுத்தர வேண்டும். அடுத்த கட்டுரையில் இதைக் கேட்டு எழுதுங்கள்.