கருவி தவறினால் கூலி யாருடையது பிடிக்கப்பட வேண்டும்?

திங்கட்கிழமை எங்கள் மருத்துவமனை வாசலில், முகம் பார்த்து வருகை பதியும் கருவி துப்புரவுப் பெண்களை அடையாளம் காணாமல் போனதை நண்பர்கள் பலர் அறிவீர்கள் என்பதால் மீண்டும் விவரிக்கவில்லை. அதன்பின் வந்த சுற்றறிக்கையில், "பணியாளர்கள் கருவியின் முன் முறையாக நிற்கப் பழக வேண்டும்" என்றிருந்த ஒரு வரிதான் எனக்குச் செரிக்கவில்லை.

கிழக்கே பார்த்த கண்ணாடிக் கதவை நோக்கி முகப்பதிவுக் கருவியை மாட்டியிருக்கிறார்கள். வெயில் ஏறியதும் எதிரே நிற்பவரின் முகம் அதற்கு வெறும் நிழலாகத்தான் தெரியும் என்பதைக் கைப்பேசியில் படமெடுக்கும் சிறுவனும் சொல்வான். ஆனால், துப்புரவுப் பெண்களின் அரை நாள் கூலி பிடிக்கப்பட்டது. கருவியை வாங்கியவர்களுக்கும் அங்கே மாட்டச் சொன்னவர்களுக்கும் ஒரு ரூபாயும் குறையவில்லை. கருவி தவறினால் அந்த நட்டம் வாங்கியவரைச் சேர வேண்டும், முன்னால் நிற்பவரை அல்ல என்பதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்லி வருகிறேன்.

என் தந்தை கோவையில் ஒரு நூற்பாலையில் டைம் கீப்பராக, அதாவது தொழிலாளர்கள் வரும் நேரத்தைக் குறிப்பவராக இருந்தார். பேருந்து பழுதாகிப் பத்துப் பேர் சேர்ந்தாற்போல் தாமதமாக வந்தால், காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு உள்ளே அனுப்புவார். மேலாளர் கேட்டால் அவரே பதில் சொல்வார். வேண்டியவர்களுக்கு அவர் சலுகை காட்டியிருக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். காட்டியிருக்கலாம். ஆனால் அவரிடம் போய்ச் சண்டையாவது போட முடிந்தது.

வருகைப் பதிவேட்டில் முறைகேடு நடந்ததால்தானே கருவி வந்தது என்கிறார்கள். ஊரக வேலைத் திட்டத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். நாளுக்கு இருமுறை படமெடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகை என்று 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களிலும் கட்டாயமாக்கினார்கள். படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அது கண்ட தீர்வு, ஊராட்சிதோறும் எல்லாப் படங்களையும் ஆட்கள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது. ஆளை நம்பாமல் கருவி, கருவியை நம்பாமல் ஆள், என்னே முன்னேற்றம்!

நமக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லை, வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எழுதிய நண்பர் கனடாவைப் பார்க்கட்டும். ஆண்டுக்குச் சுமார் 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு, சம்பளப் பிரிவில் பழகிய நூற்றுக்கணக்கானோரை விலக்கிவிட்டு, 2016இல் 'ஃபீனிக்ஸ்' என்ற சம்பள மென்பொருளை அந்நாட்டு அரசு இறக்கியது. சம்பளம் குறைந்தும் கூடியும் சிலருக்கு வராமலும் அரசு ஊழியர்கள் அலைந்தார்கள். அங்கும் வேலை தெரிந்தவர்களின் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்பவர்களுக்கு ஒரு செய்தி: இந்த மருத்துவமனையில் ஆய்வக முடிவுகள் கணினிக்கு மாறியபோது மற்றவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் நான். அப்போது எங்களிடம் கேட்டார்கள், அதனால் அது ஓடுகிறது. இம்முறை கேட்கவில்லை. குறையிருந்தால் மின்னஞ்சலில் புகார் அளிக்கலாமாம். துப்புரவுப் பணியாளர் எவருக்கும் அலுவலக மின்னஞ்சல் கிடையாது.

"எல்லா மாற்றமும் தொடக்கத்தில் இப்படித்தான்" என்று என் முந்தைய பதிவில் சிரிப்புக் குறியோடு எழுதியவர், என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர். தொடக்கம் என்றால் உங்கள் சம்பளத்திலிருந்து தொடங்கட்டுமே, ஐயா. கருவி சரியாகும்வரை உங்களுடையதில் அரை நாள் பிடித்துக்கொள்ளச் சொல்லி நாளைக்கே கடிதம் கொடுங்கள். முதல் ஆளாக நான் வந்து விருப்பக்குறி இடுகிறேன்.